அண்ணியின் மூக்கும் ஐம்பத்திரண்டு கற்களும்

எங்கள் யார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். இந்தக் குப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று. குப்பை என்ற சொல்லைக் கேட்டால் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கையிலிருக்கும் சுத்தியலைக் கீழே வைப்பார், கேட்டவரின் காலைப் பார்ப்பார், பிறகு நிதானமாகச் சொல்வார்: "குப்பைன்னா மிதிச்சிட்டுப் போகலாம். இதை மிதிச்சுப் பாருங்க, உங்க செருப்புதான் கிழியும்." கேட்டவர் அசடு வழிந்துகொண்டே நகர்ந்துவிடுவார்.

அது உலைக்கல். பக்கத்து எஃகு ஆலையில் உருகிய எஃகைச் சுமக்கும் பெரிய வாளிகள் இருக்கின்றன. லேடில் என்பார்கள். இரண்டு ஆள் உயரம், கனத்த இரும்புத் தகடு. அதில் எஃகை அப்படியே ஊற்றினால் வாளியும் சேர்ந்து உருகிவிடும் என்பதால், உள்பக்கம் முழுக்க நெருப்பைத் தாங்கும் கற்களை வளையம் வளையமாக அடுக்கி வைப்பார்கள். எஃகும், அதன்மேல் மிதக்கும் கசடும் அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒரு மாதம் போனால் ஒரு சாண் கல் நாலு விரல் கல்லாகிவிடும். அப்போது பெயர்த்துக் கொட்டிவிட்டுப் புதுக்கல் அடுக்குவார்கள். பெயர்த்துக் கொட்டியது லாரியில் எங்கள் யார்டுக்கு வரும்.

அடுக்குகிறவர் என் அண்ணன். ஆலையில் லேடில் கொத்தனார், இருபத்தாறு வருஷ சர்வீஸ். பெயர்ந்து வந்ததை வகை பிரிப்பவர் அண்ணி. அண்ணி பிரித்ததைக் கிரஷரில் போட்டு உடைப்பவன் நான். நான் உடைத்த தூள் கல் கம்பெனிக்குப் போய், புதுச் சரக்கோடு கலந்து, அழுத்தி, புதுக்கல்லாகி, மறுபடி அண்ணன் கைக்கே வந்து சேரும். வெளியே அனுப்பிய சரக்கு வீடு திரும்பும் ஒரே குடும்பம் எங்களுடையதுதான் என்று நான் கேலி செய்வதுண்டு. பதிலுக்கு நாங்களும் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறோம். அண்ணன் குனிந்து குனிந்து முட்டியைக் கொடுத்தார். நான் கிரஷர் பக்கத்தில் நின்று பாதிக் காதைக் கொடுத்தேன். அண்ணி மட்டும் எதையும் கொடுக்காமல் முழுசாக இருக்கிறார் என்று எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அண்ணி இங்கே சேர்ந்தது கூட்டிப் பெருக்க. அப்போது கல் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறம் பார்த்துப் பிரித்தார்கள். கறுப்புக் கல் ஒரு பக்கம், வெளுத்த கல் ஒரு பக்கம். நெருப்பில் ஒரு மாதம் கிடந்த பிறகு எதற்கு நிறம் இருக்கிறது? எல்லாம் சாம்பல் பூசிய முகம்தான். துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, கறுப்புக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது உங்க ஆள் இல்லை என்று வெளுத்த குவியலில் போட்டாராம். உடைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அடுத்த வாரமே துடைப்பம் வேறு ஆளிடம் போயிற்று.

அண்ணி கல்லைக் கையில் எடுத்துக் கொஞ்சம் ஆட்டுவார். சுத்தியலால் ஒரு தட்டு. சத்தம் கணீரென்று வந்தால் ஒரு பக்கம், மொத்தென்று வந்தால் ஒரு பக்கம். சந்தேகம் வந்தால் மூலையை உடைத்து உள்முகத்தைப் பார்ப்பார். ஒட்டியிருக்கும் கசடை அப்படியே பாளமாகப் பெயர்த்துவிடுவார், கல்லில் ஒரு கீறல் விழாது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்களோடு வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருக்கும். பேச்சு சுவாரசியமாகப் போனால் கை இன்னும் வேகமாகும். அதனால் முதலாளி அவர்கள் பேச்சை நிறுத்தச் சொன்னதே கிடையாது.

இதெல்லாம் கைவேலை. அண்ணியின் பெயர் நின்றது மூக்கில்.

கறுப்புக் கல்லில் ஒரு வில்லங்கம் உண்டு. கல் எரிந்துபோகாமல் இருக்க அதில் கொஞ்சம் உலோகப் பொடி கலந்திருப்பார்கள். நெருப்பில் அது வேறொன்றாக மாறி உள்ளே பதுங்கிக்கொள்ளும். பிறகு தண்ணீரோ ஈரக்காற்றோ பட்டால் விழித்துக்கொள்ளும், உப்பும், கல்லைப் பிளக்கும். அப்படியே தூளாக்கிப் புதுக்கல்லில் சேர்த்துவிட்டால் புதுக்கல் கிடங்கில் கிடக்கும்போதே உள்ளுக்குள் மயிரிழை விரிசல் விடும், வெளியே தெரியாது. அதனால் கறுப்புக் கல்லைக் குவித்துத் தண்ணீர் தெளித்து, புரட்டி, வாரக்கணக்கில் போட்டு வைப்போம். அப்போது ஒரு நெடி வரும். பொதுக் கழிப்பறைக்குப் பின்னால் நிற்பது போன்ற, மூக்கைக் குத்தும் நெடி. அது முழுவதும் போன பிறகுதான் கல்லை உடைக்கலாம். எங்கள் யார்டில் அதற்குக் கல் அடங்குவது என்று பெயர்.

அடங்கிவிட்டதா என்று சொல்ல வேண்டியவர் அண்ணி. குவியலின் நடுவில் கையை விட்டு ஒரு கல் எடுப்பார், உடைப்பார், உள்முகத்தில் ஒரு கை தண்ணீர் விடுவார், நூறு எண்ணுவார், மூக்கருகே கொண்டுபோவார். "அடங்கிடுச்சு" என்பார், அல்லது "இன்னும் பத்து நாள்" என்பார். ஒருமுறை கல் கம்பெனியின் லேப் அதிகாரி ஒரு மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணிக்குப் பின்னாலேயே நாலு குவியல் சோதித்தார். நாலும் அண்ணி சொன்னபடியே இருந்தது. மனிதர் மீட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனவர்தான். அதற்குப் பிறகு போனில் அவர் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி, அம்மா என்ன சொன்னாங்க என்று. அம்மா சரி என்று சொன்னால் கம்பெனியில் வேறு சோதனை கிடையாது. அது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை.

வீட்டிலும் அந்த மூக்கிடமிருந்து யாரும் தப்ப முடியாது. நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம், அவர்கள் கீழே, நான் மாடியில். சிகரெட்டை விட்டுவிட்டதாக நான் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், துவைத்த சட்டையைக் கொடியில் காயப்போடும்போதே கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் திட்டவில்லை. "சோப்பு வாங்குற செலவு மிச்சம் பண்ணலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு நிஜமாகவே விட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெரு முழுக்கக் காய்ச்சல். அண்ணிக்கும் ஐந்து நாள் வந்து போயிற்று. எழுந்து வேலைக்கு வந்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம், காலையில் அடுப்புத் தீப்பெட்டி கேட்க நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். சமையலறை வாசலுக்கு வரும்போதே கரிந்த நாற்றம். உள்ளே அண்ணி அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று தட்டு துடைத்துக்கொண்டிருக்கிறார், அடுப்பில் பால் வற்றிப் பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் அண்ணன் உள்ளே போய் அடுப்பை அணைத்தார். அண்ணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார். நான்தான் சும்மா இருக்கமாட்டேனே. பாலையும் கறுப்புக் கல்லாக்கிவிட்டீர்களே அண்ணி என்றேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அந்த மாதக் கடைசியில் ஏழாம் நம்பர் குவியல். அண்ணி கல்லெடுத்தார், உடைத்தார், தண்ணீர் விட்டார், எண்ணினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மூக்கருகே வைத்திருந்தார். பிறகு, "அடங்கிடுச்சு" என்றார். நான் குவியலைக் கிரஷரில் விட ஆரம்பித்தேன். பாதி போனபோது தூசியோடு மெல்லிசாக ஏதோ மூக்கில் ஏறியது. பட்டனை அழுத்தி நிறுத்தினேன். குனிந்து முகர்ந்து பார்த்தேன். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அண்ணியே சொல்லிவிட்டார், நம் மூக்கு என்ன பெரிய மூக்கு என்று நினைத்தேன். மறுபடி பட்டனை அழுத்தினேன். மீதிப் பாதியும் தூளாயிற்று.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியான ஷிஃப்டில் ஆலையில் ஒரு லேடிலின் வயிறு சிவந்தது. தகட்டின் வெளிப்பக்கம் ஒரு கையகலத்துக்குச் சிவப்பு தெரிவதைக் கிரேன்காரர் பார்த்துவிட்டார். புண்ணியவான், பதறாமல் லேடிலை அவசரக் குழியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தி முடிப்பதற்குள் தகடு திறந்து எஃகு ஊற்றியது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் கீழே நடமாடிய எட்டுப் பேரின் கதை வேறு. விசாரணை வைத்தார்கள். அந்த லேடிலுக்குக் கல் அடுக்கியவர் அண்ணன். கல்லில் கலந்திருந்தது எங்கள் ஏழாம் நம்பர் தூள்.

தப்பு இரண்டு இடத்தில் இருக்கலாம். கல் கெட்டிருக்கலாம், அடுக்கியது கெட்டிருக்கலாம். கல் என்றால் கம்பெனி மாட்டும், கம்பெனி எங்களைக் கை காட்டும், யார்டு மூடிக்கொள்ள வேண்டியதுதான். அடுக்கியது என்றால் அண்ணன் ஒரு ஆள் போதும். விசாரணையின் இரண்டாம் நாள் அண்ணன் தானாகவே இன்ஜினியர் அறைக்குப் போய், இரண்டாவது வளையத்தை மூடும்போது சின்னத் துண்டு வைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வளையம் அடுக்கி வரும்போது கடைசியில் ஒரு முழுக்கல் போகாத இடைவெளி மிச்சமாகும். அதற்கு அளவாக ஒரு கல்லை வெட்டி அடைப்பார்கள். வெட்டின துண்டு பாதிக் கல்லுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சூட்டில் நழுவிவிடும். இது ஆலையின் விதி. எந்த இடத்தில் வளையத்தை மூடினோம் என்பது கொத்தனாருக்கு மட்டும்தான் தெரியும். ஓட்டை விழுந்த இடத்தில்தான் மூடினேன் என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். ஆலைக்கு நிம்மதி, கம்பெனிக்கு நிம்மதி, எங்கள் முதலாளிக்கு அதைவிட நிம்மதி. அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், மாதக் கடைசியில் நீக்குவது என்று பேச்சு.

வீட்டுக்கு வந்து, ஏதோ பஸ் தாமதமானதைச் சொல்வதுபோல எங்களிடம் சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இருபத்தாறு வருஷம் கழித்து இப்படி ஒரு கத்துக்குட்டி வேலை செய்வாயா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"எவ்வளவு பெரிய துண்டு?"

அண்ணன் இரண்டு விரலைக் காட்டினார். அண்ணி அந்த இரண்டு விரலையும் பார்த்தபடியே நின்றார். பிறகு குளியலறைக்குள் போனார். தண்ணீர் விழும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சாப்பாடு எடுத்து வைத்தார்.

அந்த லேடிலிலிருந்து பெயர்த்த கல் மறுநாள் எங்கள் யார்டுக்கு வந்து இறங்கியது. ஆலைக்காரர்களுக்கு லேடில் உடனே வேண்டும், அதனால் எல்லாவற்றையும் வாரி அள்ளி அனுப்பிவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, இதை முதலில் உடைத்து முடி, அந்தச் சனியன் கண்ணில் படக்கூடாது என்றார். அண்ணி, பிரிக்காமல் உடைக்க முடியாது, மூன்று நாள் ஆகும் என்றார். பிரிப்பதில் அவர் சொல்வதை முதலாளி மறுத்ததில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மேஜையில் வைத்துப் பிரிக்கவில்லை அண்ணி. பின்பக்கக் கொட்டகையில் தரையைக் கூட்டிவிட்டு, கற்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரப்ப ஆரம்பித்தார். கசடு அதிகம் தின்றது இரண்டாவது வளையத்தைத்தான், அந்தக் கற்கள்தான் நாலு விரலுக்குத் தேய்ந்திருக்கும் என்று அவற்றை மட்டும் பொறுக்கினார். பக்கத்துப் பக்கத்துக் கல் ஒரே அளவு தேய்ந்திருக்கும். மேலே படிந்த கசடு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஓடியிருக்கும். கிழிந்த காகிதத்தை ஒட்டுவதுபோல ஒவ்வொன்றாக ஒட்ட வைத்துப் பார்த்தார். முதல் நாள் சாயங்காலம் பதினாலு கல் வரிசையாக நின்றது. வளைந்து நின்றது. அப்போதுதான் அண்ணி வட்டம் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

இரண்டாம் நாள் நான் கிரஷரை நிறுத்திவிட்டு அங்கே போனேன். அண்ணி ஒரு கல்லைப் புரட்டி அதன் பின்முகத்தைக் காட்டினார். தகட்டை ஒட்டி இருக்கும் அந்த முகத்தை எஃகு தொடுவதில்லை. அதில் ஆணியால் கீறின இரண்டு கோடு இருந்தது.

"உங்க அண்ணன் பத்துக் கல்லுக்கு ஒரு கோடு போடுவாரு. பத்தாவது கல்லுல ஒண்ணு, இருபதாவதுல ரெண்டு. நடுவுல யாராவது கூப்பிட்டா எண்ணிக்கை மறந்துடும்னு."

"அண்ணி, விட்டுடுங்க. அவரே ஒத்துக்கிட்டாரு."

"அவர் ஒத்துக்கிட்டது பொய் தம்பி. நம்ம குளியலறைத் தரையைப் போய்ப் பாருங்க. டைல்ஸ் அவர் போட்டதுதானே? ஒரு சின்னத் துண்டு இருக்கா? கடைசியில சின்ன இடம் மிஞ்சினா, அதுக்கு முன்னாடி வெச்ச ஒண்ணையும் பெயர்த்துட்டு, ரெண்டையும் முக்கால் முக்காலா வெட்டி வைப்பாரு. வீட்டுக் குளியலறைக்கே அப்படிச் செஞ்சவரு, லேடில்ல ரெண்டு விரல் துண்டு வெப்பாரா?"

 அப்படியானால் கல்தான் தப்பா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கையிலிருந்த கல்லைத் தரையில் வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காய்ச்சல் வந்து போனதுல இருந்து எனக்கு மூக்கு வேலை செய்யல. எதுவுமே தெரியல. அந்த ஏழாம் நம்பர் குவியலை மோந்தப்ப ஒண்ணும் வரல. நெடி இல்லாததால வரலையா, மூக்கு இல்லாததால வரலையான்னு எனக்கே தெரியல. ரெண்டுல எனக்கு வசதியானதை எடுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் வந்த குவியலுக்கெல்லாம் பத்து நாள் கூட்டியே சொன்னேன்."

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு சுலபமான கேள்வி அது என்று தோன்றியது.

"சொல்லணும்னுதான் தினமும் கிளம்பி வருவேன். மூக்கு போச்சுன்னு சொன்னா அப்புறம் இங்க நான் யாரு? கூட்ட வந்தவதானே."

அந்த நிமிஷம் நான் என் பங்கைச் சொல்லியிருக்க வேண்டும். பட்டனை நிறுத்தினதை, முகர்ந்து பார்த்ததை, மறுபடி அழுத்தினதை. சொல்லவில்லை. பயம்தான், வேறு என்ன. வேலை கிடக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுக் கிரஷருக்கு ஓடிவிட்டேன். அன்று முழுக்க அது அரைத்தது என் நெஞ்சைத்தான்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. வியாழன்தோறும் ஆலை இன்ஜினியர் வந்து சரக்கு இறக்கிய சீட்டில் கையெழுத்துப் போடுவார். அண்ணி லேப் அதிகாரிக்கும் போன் செய்து, ஒரு கல் பார்க்க வேண்டும் வாருங்கள் என்று சொல்லியிருந்தார். அம்மா கூப்பிட்டால் அவர் வராமல் இருப்பாரா? அண்ணனுக்கும் போன் போயிற்று, சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டேன் கொண்டுவாருங்கள் என்று. அண்ணி பாத்திரத்தை மறந்து நான் பார்த்ததே இல்லை.

கொட்டகைத் தரையில் வட்டம் முடிந்திருந்தது. ஐம்பத்திரண்டு கல் வளையத்தில் ஐம்பத்தொன்று நின்றது. சில கற்கள் இரண்டாக உடைந்தவை, ஒட்ட வைத்து நிறுத்தியிருந்தார். ஒரே ஒரு இடம் காலி. அந்தக் காலியிடத்தின் இரண்டு பக்கக் கல்லிலும் எஃகு பாய்ந்த வழி பளபளவென்று உறைந்திருந்தது. முதலாளி விஷயத்தை மோப்பம் பிடித்து முன்னாலேயே வந்து நின்றார். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறாய், பதினொரு பேர் பிழைப்பு இருக்கிறது என்று அடிக்குரலில் சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது, அந்தப் பதினொரு பேரில் நானும் ஒருவன். அண்ணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அண்ணன் கொட்டகை வாசலுக்கு வந்ததும் பேச ஆரம்பித்தார். இன்ஜினியரைப் பார்த்துத்தான் பேசினார்.

"சார், இவர் வளையத்தை மூடின இடம் இது. ரெண்டும் முக்கால் கல். அளந்து பாருங்க. ஓட்டை விழுந்த இடம் அது. இந்தப் பக்கமா எண்ணிட்டுப் போனா நடுவுல இருபத்திரண்டு கல் இருக்கு, அந்தப் பக்கமா எண்ணினா இருபத்தேழு. பின்னாடி கோடு இருக்கு, புரட்டிப் பாருங்க. இவர் எழுதிக் கொடுத்தது பொய்."

இன்ஜினியர் குனிந்து எண்ணினார். ஒரு சுற்று எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார். லேப் அதிகாரி காலியிடத்துக்குப் பக்கத்துக் கல்லை எடுத்து, மூலையை உடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். உள்முகம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக விரிசல். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, முகம் வெளுத்துவிட்டது.

"அந்தக் கல்லு அடங்கல சார். அடங்கிடுச்சுன்னு சொன்னவ நான். அஞ்சு மாசமா எனக்கு மூக்கு கிடையாது."

அண்ணன் பாத்திரத்தைத் தரையில் வைத்தார். முட்டி வலியோடு வைப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எனக்குத் தெரியும் சார்," என்றார். "பால் கரிஞ்ச அன்னிக்கே தெரியும். அவளா சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம் லேடில் போச்சு." அண்ணியைப் பார்க்காமலேதான் சொன்னார். அண்ணியும் அவரைப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே விஷயத்தை ஐந்து மாதம் ஒளித்து வைத்த இரண்டு பேர், ஒரு வட்டத்துக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

என் கால் என்னைக் கேட்காமல் முன்னால் போயிற்று. எனக்கு நெடி வந்தது என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் மறுபடி உரக்கச் சொன்னேன். பாதிக் குவியலில் நிறுத்தினதையும் மறுபடி ஓட்டினதையும் சொன்னேன். எல்லாரும் திரும்பினார்கள். அண்ணி மட்டும் வட்டத்தைத் தாண்டி என் பக்கத்தில் வந்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி."

"ஏன் சொல்லல?"

"நீங்க அடங்கிடுச்சுன்னு சொல்லிட்டீங்க."

 அண்ணி பக்கத்தில் கிடந்த கல்மேல் உட்கார்ந்துகொண்டார். வேலைக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவர் அழுதது தன் மூக்குக்காக இல்லை, என்னுடைய அந்த ஒரு வாக்கியத்துக்காக. அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். சொன்னதுதான் சரி என்றும் தோன்றும்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் சாதகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், பொய் எழுதிக் கொடுத்ததற்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு. கம்பெனி நாலு மாதம் எங்கள் தூளை வாங்கவில்லை. பதினொரு பேர் ஆறு பேரானோம். போன ஐந்து பேரில் இரண்டு பேர் இன்னும் அண்ணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். லேப் அதிகாரி மீட்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார். இப்போது ஒவ்வொரு லோடையும் அவரே சோதிக்கிறார், அம்மா என்ன சொன்னாங்க என்று கேட்பதில்லை. அண்ணியை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தோம். முதலாளி ஒரு வாரம் முறைத்துக்கொண்டே திரிந்தார். பிறகு கலந்துபோன லோடு ஒன்று வந்தது, வேறு யாராலும் பிரிக்க முடியவில்லை. மூக்குதானே போச்சு, கை இருக்கில்ல என்று சொல்லி மேஜைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

கறுப்புக் குவியலை முகர்வது இப்போது என் வேலை. முதல்முறை அண்ணி கல்லை உடைத்துத் தண்ணீர் விட்டு என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. அடங்கிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. நெடி இல்லாததால் வரவில்லையா, மூக்கு இல்லாததால் வரவில்லையா? அண்ணி என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். கைகழுவும் இடத்துக்குப் போய் அங்கே கிடந்த சோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். "முதல்ல இதை மோந்து பாருங்க. இது வந்தா, அப்புறம் கல்லை நம்பலாம்." சோப்பு வாசனை வந்தது. அதன்பிறகுதான் கல்லைப் பற்றி வாய் திறந்தேன்.

அதுவே எங்கள் யார்டின் விதியாகிவிட்டது. பிரிக்கும் மேஜைக்கு மேலே பலகையில் ஒரு சோப்பு வைத்திருக்கிறோம். அதில் யாரும் கை கழுவக் கூடாது. குவியலை முகரப் போகிறவர் முதலில் அதை முகர வேண்டும். கல்லையும் ஒருவர் முகர்ந்தால் போதாது, இரண்டு பேர் முகர வேண்டும், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழக்கூடாது.

தினமும் காலையில் அந்தச் சோப்பை முதலில் எடுப்பது அண்ணிதான். பலகையிலிருந்து எடுத்து, மூக்கருகே வைத்து, கல்லுக்கு எண்ணுவதுபோலவே நூறு எண்ணுவார். நாங்கள் பார்க்காததுபோல அங்கங்கே நின்றிருப்போம். எண்ணி முடித்ததும் இல்லை என்று தலையை ஆட்டுவார். சோப்பை என் கையில் கொடுத்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய் உட்காருவார்.